ஒலிப்பதிவு அறைக்கு ஓசையில்லாத கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டோ கதையோ பதிவு செய்யத் தொடங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இந்தச் சந்தேகங்களுக்கு வந்து சேர்கிறார்கள். முதலில் மைக்கைக் குறை சொல்வார்கள், பிறகு சுவரை. மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் மீது கடைசியில்தான் பார்வை திரும்பும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

என் கணினி சத்தமே போடுவதில்லை. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பதிவில் மட்டும் 'உஸ்' என்று எப்படி வருகிறது?

மாறாமல் ஓடும் ஒலியைக் காது சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குரலை வாங்கிக்கொள்வது போலவே விசிறிக் காற்றையும் வாங்கிக்கொள்ளும்.

பதிவுக்குப் பிறகு நாம் செய்யும் வேலைகளும் இரைச்சலைத் தூக்கிவிடுகின்றன. கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி) போட்டு மெல்லிய பகுதிகளை 10 டெசிபல் உயர்த்தினால், சொற்களுக்கு நடுவிலுள்ள இரைச்சலும் அதே 10 டெசிபல் உயரும். ஒரே அறையில் எட்டுத் தடங்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒன்றாக ஒலிக்கவிட்டால் பின்னணி இரைச்சல் சுமார் 9 டெசிபல் கூடும். தனியாகக் கேட்கும்போது சுத்தமாக இருந்த தடம், மற்றவற்றோடு சேர்ந்ததும் இரைவது இதனால்தான்.

எவ்வளவு அமைதி இருந்தால் போதும்? விளம்பரத்தில் சொல்லும் டெசிபல் கணக்கை நம்பலாமா?

விளம்பர எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது கடினம். அளந்த தூரமும் அறையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நமக்குத் தேவையான கணக்கு ஒன்றுதான்: மைக் இருக்கும் இடத்தில், நாம் வழக்கமாக வைக்கும் கெயினில் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவில்), கணினி எவ்வளவு கூட்டுகிறது? வழக்கமான இடத்தில் மைக்கை வைத்து, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதியுங்கள். பிறகு மென்பொருள் வழியாக விசிறிகளை நிறுத்திவிட்டு இன்னொரு அரை நிமிடம் பதியுங்கள். கனமான வேலை எதுவும் ஓடாத கணினிக்கு அந்த அரை நிமிடத்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு பதிவுகளுக்கும் இடையில் வேறுபாடே தெரியவில்லை என்றால் இதற்கு மேல் விசிறிக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஓர் எல்லைக்கோடு வேண்டுமென்றால், ஒலிப்புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளம், பதிவின் உச்ச அளவை 0 என்று வைத்தால் பின்னணி இரைச்சல் −60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. மைக்குக்கென்றே சொந்த இரைச்சல் ஒன்றும் உண்டு. எடுத்துக்காட்டாக, நாய்மன் டிஎல்எம் 103 மைக்குக்கு அது 7 டெசிபல் (இது பதிவின் அளவல்ல, காற்றில் உள்ள ஒலியை அளக்கும் டெசிபல்). கணினியின் ஓசை மைக்கை அடையும்போது மைக்கின் சொந்த இரைச்சலுக்கும் கீழே இறங்கிவிட்டால் அதற்கப்பால் குறைத்தும் பயனில்லை.

சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். விசிறிகளை மென்பொருளில் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். எதை நிறுத்தும்போது பதிவில் மாற்றம் தெரிகிறதோ அதுவே குற்றவாளி.

இன்னும் துல்லியமாகப் பார்க்க விரும்பினால், அமைதியான அந்த அரை நிமிடப் பதிவை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று வரைந்து காட்டும் கருவியில்) திறந்து பாருங்கள். ஏழு இதழ் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், இதழ்கள் காற்றை வெட்டும் ஒலி 140 ஹெர்ட்ஸில் ஒரு முள்ளாக நிற்கும். சுழற்சியை 60-ஆல் வகுத்து இதழ்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் எண் அது. 7,200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸிலும், 5,400 சுழற்சியுடையது 90 ஹெர்ட்ஸிலும் முனகும். திரையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே எந்தப் பாகம் என்று பெயர் சொல்லிவிடலாம். யூகித்து யூகித்துப் பாகங்களை மாற்றுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டதால் இதை வலியுறுத்துகிறேன்: வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

சுழலும் ஹார்ட் டிஸ்க்கை. அதற்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை. பழைய பதிவுகளைச் சேமிக்கப் பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் அது வேறு அறையில், நெட்வொர்க் வழியாக இருக்கட்டும்.

விசிறியே இல்லாத கணினி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பலருக்குத் தீர்ந்துவிடும். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் தொடங்கி அந்த வரிசைக் கணினிகளில் விசிறி கிடையாது. ஒன்றிரண்டு மைக்குகளில் பதிவு செய்யும் வேலைக்கு அவை தாராளம். மேஜைக் கணினியிலும் வழி உண்டு. ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்ற நிறுவனங்கள், கேபினெட்டின் சுவரையே ஹீட்சிங்க்காக (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகமாக) பயன்படுத்தும் பெட்டிகளைச் செய்கின்றன. விசிறி இல்லாமலே இயங்கும்படி வடிவமைத்த என்எச்-பி1 என்ற ஹீட்சிங்க்கை நாக்டுவா 2021-இல் வெளியிட்டது.

ஆனால் கனமான மிக்ஸிங் நீண்ட நேரம் நடந்தால் சூடு ஏறி, ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பதிவும் மிக்ஸிங்கும் ஒரே கணினியில் நடப்பதாக இருந்தால், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. நிமிடத்துக்கு 500 சுழற்சியில் ஓடும் நல்ல 140 மில்லிமீட்டர் விசிறியை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மைக்கில் பிடிப்பது கடினம். அதே விசிறி தரும் குளிர்ச்சியோ கணிசமானது.

வேகமான ப்ராசஸர் வேண்டும், ஆனால் சூடாகக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா?

கிடைக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கணினியின் ஓசை ஏறக்குறைய முழுவதும் சூட்டை வெளியேற்றும் ஓசைதான். உண்டாகாத சூட்டை வெளியேற்ற வேண்டியதில்லை. ஃபோம், விலை உயர்ந்த விசிறி, பெட்டிக்குள் பெட்டி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

65 வாட் வகை ப்ராசஸரே பெரும்பாலான பதிவு அறைகளுக்குப் போதும். அதைவிடச் சக்தி வாய்ந்ததை வாங்கினாலும், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரையில்) அதன் மின் உச்சவரம்பைக் குறைத்துவிடலாம். ஏஎம்டி மதர்போர்டுகளில் 'ஈக்கோ மோட்' (Eco Mode) என்ற பெயரிலும், இன்டெல் மதர்போர்டுகளில் 'பவர் லிமிட்' என்ற பெயரிலும் அந்த அமைப்பு இருக்கும். கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் ப்ராசஸர் மிக அதிகமான மின்சாரத்தைக் குடிக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் வேகத்தில் இழப்பு சிறிது, சூட்டில் லாபம் பெரிது. தேர்ந்தெடுக்கும்போது ஒற்றைக் கோரின் (ப்ராசஸருக்குள் தனித்துக் கணக்கிடும் ஓர் அலகின்) வேகத்தையும் பாருங்கள். ஒரே தடத்தில் வரிசையாக அடுக்கிய ப்ளகின்களை (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும். அங்கே பதினாறு கோர் இருந்தும் பயன் குறைவு.

கிராபிக்ஸ் கார்டு தேவையா?

ஒலிக்கு மட்டும் என்றால் தேவையில்லை. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இரண்டு திரைகளைச் சிரமமில்லாமல் ஓட்டும். காணொளித் தொகுப்புக்காகக் கார்டு வேண்டியிருந்தால், சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை முழுக்க நிறுத்திவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மதர்போர்டிலும் குட்டி விசிறி ஒளிந்திருக்கலாம். 2019-இல் வந்த எக்ஸ்570 சிப்செட் போர்டுகள் பலவற்றில் அப்படி ஒன்று இருந்தது. சிறிய விசிறியின் கிறீச்சொலி பெரிய விசிறியின் காற்றோசையைவிடப் பதிவைக் கெடுக்கும்.

வாட்டர் கூலிங் போட்டால் சத்தமே இருக்காது என்கிறார்களே?

தண்ணீர் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அதைக் காற்றில் கலக்க விசிறி வேண்டும். தண்ணீரைச் சுற்றவிட ஒரு பம்பும் வேண்டும். கணினி சும்மா இருக்கும்போதும் பம்ப் ஓடும். அதன் ரீங்காரம் ஒரே சுருதியில் நிற்பதால் பதிவில் எளிதில் அடையாளம் தெரியும். 200 வாட்டுக்கு மேல் விழுங்கும் ப்ராசஸருக்கு வாட்டர் கூலிங் பொருத்தமாக இருக்கலாம். நாம் அப்படிப்பட்டதை வாங்கவே போவதில்லை.

பெரிய விசிறி ஒன்றா, சிறிய விசிறிகள் பலவா?

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். காற்றோட்டமும் பாதியாகும். இன்னொரு விசிறியைச் சேர்த்தால் அந்தக் காற்று திரும்பக் கிடைக்கும், ஓசையோ 3 டெசிபல்தான் கூடும். ஆக, அதே காற்று, 12 டெசிபல் குறைந்த ஓசை. அதனால் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு மூன்றைப் பொருத்தி மிக மெதுவாக ஓட்டுங்கள். 80 மில்லிமீட்டர் விசிறிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரும்புத் திருகுகளுக்குப் பதிலாக ரப்பர் பிடிப்பான்களைப் பயன்படுத்தினால் விசிறியின் அதிர்வு கேபினெட் தகட்டுக்குப் போகாது. கேபினெட்டைப் பொறுத்தவரை, முன்புறம் முழுக்க மூடியதுதான் அமைதியானது என்பது பாதி உண்மை. மூடிய பெட்டியில் விசிறி வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. வலைமுகப்பு உள்ள பெட்டியில் மெதுவாக ஓடும் விசிறி, பல நேரங்களில் அதைவிட அடக்கமாக இருக்கிறது.

விசிறி திடீரென்று ஏறுகிறது, உடனே இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சலாக இருக்கிறது. என்ன செய்வது?

எரிச்சல் நியாயமானது. நிலையான ஓசையை ஓரளவு மறைக்கலாம், அலையும் ஓசையை மறைக்க முடியாது. ப்ளகின் ஒன்றைத் திறந்ததும் ப்ராசஸரின் சூடு ஒரு நொடியில் 15 பாகை ஏறி இறங்கும். விசிறி அதைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது.

பயாஸில் விசிறி வளைகோட்டைத் திறந்து, 65 பாகை வரை குறைந்தபட்ச வேகத்திலேயே கிடைமட்டமாக வையுங்கள். அதற்கு மேல் சாய்வாக ஏறட்டும். 'ஸ்டெப் அப்' போன்ற பெயரில் தாமத அமைப்பு இருந்தால் அதை அதிகபட்சமாக வையுங்கள். கேபினெட் விசிறிகளை ப்ராசஸர் சூட்டோடு இணைக்காமல் ஒரே வேகத்தில் விட்டுவிடலாம். 70 பாகையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயம்தான் விசிறியைத் தேவையில்லாமல் ஓட்டுகிறது. இன்றைய மேஜைக் கணினி ப்ராசஸர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 பாகை வரை சென்ற பிறகுதான் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. சுமையின் போது 80 பாகை என்பது அவற்றுக்கு இயல்பான வேலை நேரம்.

பவர் சப்ளையைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவிடும் பவர் சப்ளைகள் இருக்கின்றன. சீசானிக் முதலிய சில நிறுவனங்கள் விசிறியே இல்லாதவற்றையும் விற்கின்றன. உங்கள் கணினி 120 வாட் எடுத்தாலும் 550 அல்லது 650 வாட் பவர் சப்ளை வாங்குங்கள். கொள்ளளவில் சிறு பங்கே பயன்படுவதால் அதன் விசிறி பெரும்பாலான நேரம் உறங்கும். பழைய பவர் சப்ளையைத் திறந்து விசிறியை மட்டும் மாற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கேபினெட்டுக்குள் ஃபோம் ஒட்டலாமா?

மெல்லிய ஃபோம் உயர்ந்த சுருதி ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும். முனகலையும் ரீங்காரத்தையும் அது ஒன்றும் செய்யாது. காற்றுப்பாதையை அடைத்தால் சூடு ஏறி, விசிறி வேகமெடுத்து, நிலைமை முன்பைவிட மோசமாகும். மற்ற எல்லாம் செய்து முடித்த பிறகு, அதிரும் தகடுகளில் மட்டும் கனமான அதிர்வடக்கும் தாளை ஒட்டுங்கள். அதில் பயன் தெரியும்.

கணினியை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடலாமா?

100 வாட் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஒரு மணி நேரத்தில் விசிறிகள் முழு வேகத்தில் ஓடும். காற்றுக்காக நேரான துளை போட்டால் அந்த வழியே ஓசையும் வந்துவிடும். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனிப் பாதைகள் வேண்டும். ஒவ்வொரு பாதையும் இரண்டு முறையாவது வளைய வேண்டும், உட்சுவர்களில் ஒலி உறிஞ்சும் பொருள் வேண்டும். இதை ஒழுங்காகச் செய்து தரும் தச்சர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கணினியை அடுத்த அறையில் வைத்தால் கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

எல்லா வழிகளிலும் சிறந்தது இதுதான். ஒரு சுவர் செய்யும் வேலையை எந்த விசிறியாலும் செய்ய முடியாது. யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகும். யுஎஸ்பி 3 என்றால் 3 மீட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. தண்டர்போல்ட் 4 செப்புக் கேபிள்கள் 2 மீட்டர் வரைதான். திரைக்கு நீளமான கேபிள் வேண்டுமென்றால் ஒளியிழைக் கேபிள் வாங்குங்கள். டான்டே போன்ற நெட்வொர்க் ஒலி முறைகளில் சாதாரண நெட்வொர்க் கேபிளிலேயே 100 மீட்டர் போகலாம்.

ஆனால் பலர் யோசிக்கத் தவறும் எளிய வழி ஒன்று உண்டு: கணினியையும் இன்டர்ஃபேஸையும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியையும்) இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மைக்கை அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள். சமநிலை (பேலன்ஸ்டு, வழியில் சேரும் மின் இரைச்சலைத் தானே நீக்கும்) மைக் கேபிள் 30 மீட்டர் வரை தரம் குறையாமல் போகும். யுஎஸ்பி கேபிளை நீட்டப் படும் பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எனக்கு ஒரே அறைதான் இருக்கிறது. என்னதான் வழி?

மைக்கின் திசையைப் பயன்படுத்துங்கள். முன்புற ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம் காது கிட்டத்தட்ட மந்தம். கணினி அந்தத் திசையில் இருக்கட்டும். இன்னும் குறுகிய திசையில் கேட்கும் ஹைப்பர் கார்டியாய்டு என்றால் மந்தமான திசை பக்கவாட்டில் சற்றுப் பின்னால், முன்புறத்திலிருந்து சுமார் 110 பாகைக் கோணத்தில் இருக்கிறது. எந்த மைக் என்று தெரிந்துகொண்டு திருப்புங்கள்.

தூரமும் உதவும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். சிறிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பியடிப்பதால் அவ்வளவு குறையாது. வாயை மைக்குக்கு அருகில் கொண்டுவருவதும் அதே கணக்குத்தான். குரல் ஓங்கும், கெயினைக் குறைக்கலாம், கணினியின் ஓசையும் கூடவே இறங்கும். கணினியின் முதுகைச் சுவருக்கு மிக நெருக்கமாக வைக்காதீர்கள். பின்புற விசிறியின் ஓசை சுவரில் பட்டு அறைக்குள் திரும்பும்.

லேப்டாப்பில் பதிவு செய்கிறேன். விசிறி சீறுகிறது. மாற்ற வழியில்லையே?

விசிறியை மாற்ற முடியாது, சூட்டைக் குறைக்கலாம். விண்டோஸில் மின்திட்ட அமைப்புக்குப் போய், ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ என்ற கூடுதல் வேக நிலை நின்றுவிடும், விசிறியும் அடங்கும். பதிவின் போது பிரவுசரை மூடுங்கள். கனமான ப்ளகின் தடங்களை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள் (ப்ளகின் வேலையை முடித்த ஒலியாகவே சேமித்துவிடுங்கள்).

அமைதிக்காக வேகத்தைக் குறைத்தேன். இப்போது பதிவில் 'டிக், டிக்' என்று வெட்டு விழுகிறது. எது சரி?

முதலில் பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவைப் பாருங்கள். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் மாதிரி அளவு) எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் கணினிக்குக் கிடைப்பது 1.3 மில்லிநொடி, 256 என்றால் 5.3 மில்லிநொடி. பாடுபவர் தன் குரலை இன்டர்ஃபேஸிலிருந்தே நேரடியாகக் கேட்க முடிந்தால் பஃபர் 512-இல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. சுமை குறையும், வெட்டும் போகும்.

அப்படியும் விழுந்தால் குற்றம் வேகத்தில் இல்லாமல் டிரைவர்களில் இருக்கலாம். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் நேரத்தைப் பிடித்து வைக்கிறது என்று காட்டும். வைஃபை டிரைவர் பல முறை மாட்டியிருக்கிறது. பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். டர்போவைத் திரும்பப் போடுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

விசிறி எல்லாவற்றையும் நிறுத்தியும் 'கீச்' என்று மெல்லிய ஒலி வருகிறது. எங்கிருந்து?

மதர்போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள மின்சுருள்கள் அதிர்கின்றன. சுமை மாறும்போது சுருதியும் மாறும். மவுஸால் பக்கத்தை நகர்த்தும்போது கீச்சொலி கூடவே நடுங்கினால் அதுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ப்ராசஸரின் ஆழ்ந்த உறக்க நிலைகளைப் பயாஸில் அணைத்தால் பல போர்டுகளில் நின்றுவிடும். பதிலாக, சும்மா இருக்கும்போதும் கணினி கூடுதல் சூட்டோடு இருக்கும். அதை ஏற்கலாமா என்பதை உங்கள் விசிறிகளின் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரையின் ஃபிரேம் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது கிராபிக்ஸ் கார்டின் கீச்சொலிக்கு நல்ல மருந்து. எதற்கும் அடங்காத போர்டைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

இது காற்றில் வரும் சத்தமா, மின்சாரத்தில் வரும் சத்தமா என்று குழப்பமாக இருக்கிறதே?

கெயினை மாற்றாமல் மைக்கைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது மின்வழி வருகிறது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல், மவுஸை நகர்த்தும்போது வரும் கரகரப்பு எல்லாம் இந்த வகை. இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், கணினி மூன்றையும் ஒரே மின்பலகையில் சொருகுங்கள், சமநிலை கேபிள்களைப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இதற்காக விசிறி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இரைச்சலை நீக்கும் மென்பொருள்தான் இருக்கிறதே, இவ்வளவு சிரமம் எதற்கு?

நிலையான இரைச்சலை அது நன்றாகவே நீக்குகிறது. ஆனால் இரைச்சலோடு சொல்லின் ஈற்றில் கரையும் மூச்சும், தம்பூராவின் கார்வையும், அறையின் இயல்பான ஒலியும் கொஞ்சம் சேர்ந்து போய்விடுகின்றன. மெல்லிசையும் கதைவாசிப்பும் அந்த நுண்மைகளில்தான் உயிர் வைத்திருக்கின்றன. பதிவில் விழாத இரைச்சலை நீக்க வேண்டியதில்லை. மென்பொருளை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிப் பதியாதீர்கள்.

வாங்கியபோது அமைதியாக இருந்தது. இப்போது இரைகிறது. பழுதா?

பெரும்பாலும் தூசிதான். ஹீட்சிங்க்கின் இடுக்குகள் அடைபட்டால் அதே சூட்டுக்கு விசிறி வேகமாக ஓட வேண்டும். கணினியை அணைத்து, விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தாறுமாறாகச் சுற்றித் தாங்கி (பேரிங்) கெட்டுப்போகும். சுத்தம் செய்த பிறகும் விசிறியில் உரசல் கேட்டால் தாங்கி தேய்ந்துவிட்டது. விசிறியையே மாற்றுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன். கணினியை அணைத்தாலும் −55-க்குக் கீழே இறங்கவில்லை. இனி என்ன?

கணினி இப்போது குற்றமற்றது. மற்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பதியுங்கள்: ரேக்கில் இருக்கும் இன்டர்ஃபேஸின் உள்விசிறி, திரையின் அடாப்டர், வெளிச் சேமிப்பு டிஸ்க், மங்கலாக்கும் ஸ்விட்ச் பொருத்திய விளக்கு, ஏசி, சுவருக்கு அப்பாலிருக்கும் குளிர்சாதனப் பெட்டி. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அதே எண் நின்றால், முன்பு சொன்னபடி மைக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் எண் மாறவில்லை என்றால் ப்ரீஆம்ப்பின் (இன்டர்ஃபேஸுக்குள் மைக் ஒலியைப் பெருக்கும் பாகத்தின்) சொந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒலி குறைவாகத் தரும் டைனமிக் மைக்கை 60 டெசிபல் கெயினில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கூடுதல் ஒலி தரும் கண்டென்சர் மைக் அல்லது மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஒரு பூஸ்டர், இரண்டில் ஒன்று அதைத் தீர்க்கும்.